கூடுதல் வேலை யார் தலையில்?

மருத்துவமனைக்குள் கணினியும் செயலியும் நுழையும்போது எது தடுக்கிறது, எது கைகொடுக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நேராக ஒரு கணக்கிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 2002 அக்டோபரில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மருந்து, பரிசோதனை என்று டாக்டர்கள் தரும் உத்தரவுகளை இனிக் காகிதத்தில் எழுதக் கூடாது, கணினியில்தான் பதிய வேண்டும். மருத்துவமனை முழுவதையும் ஆறே நாளில் மாற்றி முடித்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. படிக்க முடியாத கையெழுத்தால் தப்பான மருந்து போவது உலகம் முழுக்க நடக்கும் விபரீதம். 2005-ல் அந்த மருத்துவமனையின் டாக்டர்களே ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். வேறு மருத்துவமனைகளிலிருந்து அவசரமாக அங்கே கொண்டுவரப்பட்ட 1,942 குழந்தைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்திருந்தார்கள். மாற்றத்துக்கு முந்தைய 13 மாதங்களில் 1,394 குழந்தைகளில் 39 பேர் இறந்திருந்தார்கள், அதாவது 2.80 சதவீதம். மாற்றத்துக்குப் பிந்தைய 5 மாதங்களில் 548 பேரில் 36 பேர், 6.57 சதவீதம்.

என்ன நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே தகவல் வந்துவிடும். டாக்டர் மருந்தை எழுதிவிடுவார், நர்ஸ் எடுத்து வைத்துவிடுவார், குழந்தை கட்டிலுக்கு வந்த நிமிடம் ஊசி தயாராக இருக்கும். புதிய முறையில், குழந்தை உள்ளே வந்து, பதிவாகி, கணினியில் பெயர் தோன்றிய பிறகுதான் உத்தரவே போட முடியும். பேனாவில் சில விநாடிகளில் முடிந்த உத்தரவுக்கு இப்போது பத்து கிளிக் வரை ஆனது. ஓர் உத்தரவுக்கு ஒன்றிரண்டு நிமிடம். உயிருக்குப் போராடும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு உத்தரவுகள் தேவைப்படும். ஆக, கட்டிலருகே இருக்க வேண்டிய ஒரு டாக்டர் திரைக்கு முன்னால் கட்டிப்போடப்பட்டார். அதே நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் அலமாரியில் இருந்த மருந்துகளையும் மைய மருந்தகத்துக்கு மாற்றியிருந்தார்கள். நர்ஸ் கைநீட்டி எடுத்த மருந்து, இப்போது உத்தரவு பதிவாகி, மருந்தாளுநர் பார்த்து, அனுப்பி வைத்த பிறகுதான் வரும்.

இந்த ஆய்வின் மேல் கேள்விகள் எழுந்தன, நியாயமாகவே. ஒரே ஒரு மருத்துவமனை. ஐந்து மாதம் என்பது குறுகிய காலம். மருந்தகத்தை இடம் மாற்றியது போல வேறு மாற்றங்களும் கூடவே நடந்தன. ஆகவே பழி முழுவதையும் மென்பொருள் மேல் போட முடியாது. இந்த ஆட்சேபம் சரியானது மட்டுமல்ல, என் வாதத்துக்கு வேண்டியதும்கூட. ஏனென்றால் அதே நிறுவனத்தின் மென்பொருளைத்தான் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் பின்னர் கொண்டுவந்தது. அவர்கள் பிட்ஸ்பர்க்கில் என்ன நடந்தது என்பதைக் கேட்டறிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வேண்டிய உத்தரவுத் தொகுப்புகளை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அங்கே இறப்பு கூடவில்லை. 2006-ல் அதையும் ஆய்வாக வெளியிட்டார்கள். 2010-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனை, இதே வகையான ஏற்பாட்டுக்குப் பிறகு தங்களிடம் இறப்பு 20 சதவீதம் குறைந்ததாக எழுதியது. ஓரிடத்தில் கூடியது, ஓரிடத்தில் மாறவில்லை, ஓரிடத்தில் குறைந்தது. கருவி நல்லதா கெட்டதா என்ற கேள்வி இங்கே எதையும் விளக்கவில்லை.

பின் எது விளக்கும்? நம் ஊரில் ஒரு செயலி படுத்துவிட்டால் இரண்டு காரணங்கள் தயாராக இருக்கும். ஒன்று, ஊழியர்களுக்கு மாற மனமில்லை. மற்றொன்று, பயிற்சி போதவில்லை, இன்னும் இரண்டு நாள் டிரெயினிங் போட்டால் சரியாகிவிடும். ஆய்விதழ்களிலோ தடைகளையும் துணைகளையும் பட்டியல் போடும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன: பணம், இணைய வேகம், தலைமை, பயிற்சி, சட்டம், நம்பிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிரிஷா கிரீன்ஹால் குழுவினர் 2017-ல் இவற்றையெல்லாம் ஏழு களங்களாகத் தொகுத்தார்கள். மதிக்கத்தக்க உழைப்புதான். ஆனால் பட்டியலில் எல்லாக் காரணங்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். எது எதைப் பெற்றெடுத்தது என்பது தெரியாது. கணினியியல் ஆய்வாளர் ஜோனதன் குரூடின் 1988-லேயே, மருத்துவமனையைப் பற்றி அல்லாமல் அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போது, இதைவிடக் கூர்மையாக ஒன்றைச் சொன்னார். பலர் சேர்ந்து பயன்படுத்த வேண்டிய மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன? கூடுதல் வேலை செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்பதால். கூட்டத்துக்குத் தானாக நேரம் குறிக்கும் மென்பொருளை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மேலாளருக்கு அது சௌகரியம். அதற்காக அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் தங்கள் நாட்குறிப்பை விடாமல் கணினியில் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் நிரப்பவில்லை.

நான் வைக்கும் வாதம் இதிலிருந்து பிறப்பது. புதிய கருவி எதுவும் வேலையைக் குறைப்பதற்கு முன்னால் வேலையை இடம் மாற்றுகிறது. குமாஸ்தாவின் வேலை டாக்டருக்கு, மருந்தாளுநரின் வேலை நர்ஸுக்கு, மாவட்ட அலுவலகத்தின் வேலை கிராமத்துக்கு. அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குகிறவருக்கு அன்றைக்கே, அந்த நோயாளியின் விஷயத்திலேயே ஏதாவது திரும்பக் கிடைத்தால் கருவி வேர் பிடிக்கும். கிடைக்காவிட்டால், சுற்றறிக்கை எத்தனை வந்தாலும் ஒப்புக்குத்தான் நடக்கும். பயிற்சிக் குறை, தயக்கம், அலட்சியம் என்று நாம் பெயர் வைப்பவற்றில் பெரும்பகுதி இந்தப் பங்கீட்டுக் கோளாறின் வெளித்தோற்றம் என்பதே என் எண்ணம்.

உடனே ஒரு மறுப்பு வரும். கட்டாயப்படுத்தினால் எல்லாம் நடக்கும், அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 2009-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை, மாறாதவர்களுக்குப் பின்னாளில் பிடித்தம். 2008-ல் 9.4 சதவீத மருத்துவமனைகளில்தான் அடிப்படை மின்பதிவேடு இருந்தது, 2015-ல் 83.8 சதவீதம். கண்ணைப் பறிக்கும் வெற்றி. ஆனால் 2016-ல் வெளியான ஒரு நேரக் கணக்கெடுப்பு, 57 டாக்டர்களின் பணிநேரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்தது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போயிருந்தது. அதற்கு மேல் இரவில் வீட்டில் உட்கார்ந்து மிச்சத்தை முடித்தார்கள். அந்த ஊர்ப் பதிவேடுகள் பெருமளவுக்குக் காப்பீட்டுப் பில்லுக்காக வடிவமைக்கப்பட்டவை. டாக்டர் நிரப்பும் கட்டங்களில் பல, கணக்குப் பிரிவுக்குத் தேவைப்படுபவை. சட்டத்தால் கருவியை வாங்க வைக்கலாம், உள்நுழைய வைக்கலாம். வாங்கியவர்களின் எண்ணிக்கை 83.8 சதவீதம் என்றால் அதைப் பயன்பாடு என்று எடுத்துக்கொள்வது அவசரம்.

கட்டாயத்தின் கீழ் கருவி எப்படித் திசை மாறும் என்பதற்கு சான்ஃபிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ல் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. அதே பல்கலைக்கழகத்தின் டாக்டர் ராபர்ட் வாக்டர் 2015-ல் தமது நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். 38.6 கிலோ எடையுள்ள ஒரு பதின்வயதுப் பையனுக்கு வழக்கமாகத் தரும் கிருமிக்கொல்லி மாத்திரை, ஒன்று. 160 மில்லிகிராம். டாக்டர் 160 என்று தட்டினார். திரையோ அந்த எண்ணை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டது. எடையோடு பெருக்கியதில் ஏறத்தாழ 6,160 மில்லிகிராம், அதாவது முப்பத்தெட்டரை மாத்திரை என்று உத்தரவானது. கணினி சும்மா இருக்கவில்லை. அளவு அதிகம் என்று டாக்டருக்கும் எச்சரிக்கை காட்டியது, மருந்தாளுநருக்கும் காட்டியது. ஆனால் அவர்கள் நாள் முழுக்க அப்படிப்பட்ட எச்சரிக்கைகளை, பெரும்பாலும் வெற்று எச்சரிக்கைகளை, தள்ளிவிட்டுக்கொண்டே வேலை செய்தவர்கள். இதையும் தள்ளிவிட்டார்கள். மருந்தகத்து ரோபோ பிசகாமல் முப்பத்தெட்டரையைக் கட்டி அனுப்பியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடை வருடிப் பார்த்தார், உத்தரவோடு பொருந்துகிறது என்றது கருவி. பையன் விழுங்கிவிட்டான். வலிப்பு வந்து, பிறகு பிழைத்தான்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பயிற்சி பெறாதவர் இல்லை. ஓர் எச்சரிக்கையைச் சேர்ப்பவருக்கு அதனால் எந்தச் செலவும் கிடையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் ‘நாங்கள் எச்சரித்தோம்’ என்று காட்ட ஒரு சாட்சியம் கிடைக்கிறது. படித்துத் தள்ளும் செலவு முழுவதும் டாக்டரின் கவனத்திலிருந்து போகிறது. சேர்ப்பவருக்கு இலவசம், படிப்பவருக்குச் செலவு என்றால் எச்சரிக்கைகள் பெருகிக்கொண்டேதான் போகும். இதைச் சரிசெய்ய டாக்டர்களுக்கு இன்னொரு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தால் போதாது. எத்தனை எச்சரிக்கை தள்ளப்படுகிறது என்று எண்ணி, தொண்ணூறு தடவை தள்ளப்பட்டதைத் திரையிலிருந்தே நீக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்.

இனி ஆசியாவுக்கு வருவோம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் நமக்கும் உறவு உண்டு. அதைப் பழக்கிய படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் போனவை. 2016-ல் வெளியான ஆய்வில் அது கண் டாக்டர்களுக்குச் சமமாகப் படித்தது. பிறகு அதைத் தாய்லாந்தின் 11 சிகிச்சையகங்களில் வைத்துப் பார்த்தார்கள். 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்குச் சுமார் 1,500 கண் டாக்டர்களே அப்போது இருந்த நாடு. படம் எடுத்து அனுப்பினால் முடிவு வரப் பத்து வாரம்கூட ஆனது. அங்கே பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவியைக் கைதட்டி வரவேற்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 2020-ல் வந்த கள ஆய்வு வேறு கதை சொன்னது. முதல் ஆறு மாதத்தில் கருவிக்குள் போன 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது திருப்பிவிட்டது. இருட்டறை இல்லாத இடத்தில், வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே, நர்ஸ் எடுக்கும் படம் வேறு எப்படி இருக்கும்? படம் திரும்பினால் நோயாளியை வேறொரு நாள், வேறொரு ஊரில் உள்ள நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போகும். படம் சற்று மங்கல்தான், நோய் இல்லை என்று கண்ணுக்கே தெரிகிறதே என்று நர்ஸுகள் எரிச்சல்பட்டார்கள். இணையம் இரண்டு மணி நேரம் போன ஒரு நாளில், 200 பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

ஆய்வகத்தில் அளந்தது துல்லியத்தை. துல்லியத்தைக் காக்க, மங்கலான படத்தைப் படிக்காதே என்று கருவிக்குச் சொல்லிவைத்தார்கள். அந்த எச்சரிக்கை உணர்வு பாராட்டத்தக்கதே. அதன் விலையைத்தான் நர்ஸின் நேரத்திலிருந்தும் நோயாளியின் பேருந்துக் காசிலிருந்தும் எடுத்தார்கள். அந்த ஆய்வுக் குழுவின் பெருமை என்னவென்றால், நர்ஸுகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து இதையெல்லாம் தாங்களே எழுதியதுதான். பெரும்பாலான அறிமுகங்களில் அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பங்கீட்டுக் கோளாறு முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆள் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்பநலம், தொற்றா நோய், காய்ச்சல் கணக்கு என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பதிவேடு, அதற்கு மேல் ஒரு இணையதளம் அல்லது செயலி. கர்ப்பிணியை அரசின் பிக்மி தளத்தில் பதிந்தால்தான் எண் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் துரத்தும். அதில் கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு பலன் இருக்கிறது என்பதால்தான் அந்தப் பதிவு ஓடுகிறது. மற்றவற்றில் பல, மேலே போகும் அறிக்கைகள். பெயர், வயது, முகவரி, ஆதார் என்று ஒரே பெண்ணை நான்கு இடத்தில் நான்கு தடவை தட்ட வேண்டும். நான்கும் ஒன்றோடொன்று பேசாது. கணினி வந்த பிறகும் நோட்டு போகவில்லை, ஏனென்றால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது நோட்டை. செவிலியர் சங்கங்களின் கோரிக்கைகளில் டேட்டா என்ட்ரி சுமை திரும்பத் திரும்ப இடம்பெறுவதில் வியப்பில்லை. இதைத் தொழில்நுட்ப எதிர்ப்பு என்று படிப்பவர்கள், அதே செவிலியர் வாட்ஸாப்பில் ஒரு நாளைக்கு எத்தனை படமும் குரல்பதிவும் அனுப்புகிறார் என்பதைக் கவனித்தால் நல்லது.

வயதானவர்கள் மாறமாட்டார்கள், தலைமுறை மாறினால் தானாகச் சரியாகிவிடும் என்ற மறுப்புக்கும் பதில் அந்த வாட்ஸாப்பில்தான் இருக்கிறது. நெஞ்சுவலி என்று வந்தவரின் ஈ.சி.ஜி.யைக் கைபேசியில் படமெடுத்து நகரத்து இதய டாக்டருக்கு அனுப்பி யோசனை கேட்கும் பழக்கம் இந்தியா முழுக்கப் பரவியது. அரசாணை இல்லை, பயிற்சி முகாம் இல்லை, ஓய்வுபெறும் வயதில் உள்ள டாக்டர்களும் செய்கிறார்கள். நோயாளியின் அந்தரங்கம் என்ற கோணத்தில் அது கவலைக்குரிய வழக்கம், நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அனுப்பியவருக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வருகிறது, அந்தப் பதில் அதே கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு உதவுகிறது. வயதும் பழக்கமும் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இதையே பெரிய அளவில் காட்டியது. 2002-ல் தொடங்கிய அவர்களின் தேசியக் கணினித் திட்டம், பல நூறு கோடி பவுண்டு விழுங்கிய பின், 2011-ல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் விரிவான ஒரே நோயாளிப் பதிவேடு என்ற கனவு, மேலிடத்தில் ஒப்பந்தம் போட்டு மருத்துவமனைகளின் தலையில் இறக்கப்பட்டது, அது எடுபடவில்லை. அதே திட்டத்தின் இன்னொரு உறுப்பு, எக்ஸ்ரே படங்களைக் கணினியில் சேமித்துப் பார்க்கும் ஏற்பாடு, 2007 முடிவுக்குள் நாட்டின் எல்லாப் பெரிய மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே அரசு, அதே பணம், அதே ஊழியர்கள். படச்சுருளைத் தேடி அடித்தளத்துக்கு ஆள் அனுப்பிய டாக்டருக்கு, மேசையிலேயே படம் தெரிந்தது. அவர் எதையும் புதிதாகத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

நம்மிடமும் அப்படிப்பட்டவை உண்டு; அவற்றைப் பற்றி நாம் குறைவாகத்தான் பேசுகிறோம். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கண்ணைப் பரிசோதித்துக் கணினியில் குறிக்கிறார்கள். நோயாளி எழுந்து போவதற்கு முன்னால் தலைமை மருத்துவமனையின் டாக்டர் வீடியோவில் அவரோடு பேசிவிடுகிறார். பதிவு செய்கிறவரின் கண் முன்னாலேயே பதிவு பலன் தருகிறது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து விநியோகத்தைக் கணினிமயமாக்கியபோது, இருப்புக் கணக்கைப் பதியும் வேலை மாவட்டக் கிடங்குகளுக்குப் போனது. கணக்கு வைப்பதே கிடங்கின் தொழில். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக், அதில் உள்ள தொகைக்கு மருந்து. வார்டு நர்ஸின் தலையில் புதிய நோட்டு எதையும் கட்டாமல் நடந்த சீர்திருத்தம் அது. வேறு மாநிலங்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கழகம் அமைத்தன.

காசநோயில் இரு துருவங்களையும் பார்க்கலாம். மாத்திரை அட்டையைச் சுற்றியுள்ள உறையில் ஒரு தொலைபேசி எண் மறைந்திருக்கும். மாத்திரையை எடுத்தால் எண் தெரியும். அதற்கு ஒரு இலவச அழைப்பு கொடுத்தால் இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயிற்று என்று பதிவாகும். 99டாட்ஸ் என்று பெயர். மலிவு, புத்திசாலித்தனம் இரண்டும் சேர்ந்த யோசனை. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய்ச் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தபோது, அழைப்பும் உண்மையும் பல இடங்களில் பொருந்தவில்லை. மருந்து சாப்பிட்டவர்களில் பலர் அழைக்கவில்லை. அழைத்தவர்களில் சிலர் சாப்பிடவில்லை. அழைப்பதால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? கண்காணிப்பவருக்குத்தான் தகவல் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் கணவன் கையில் என்ற குடும்பத்தில் ஆறு மாதம் தினமும் அழைப்பது சின்ன வேலையும் அல்ல.

மறு துருவம், 2022 ஏப்ரலில் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் உறுதியானவரிடம் சுகாதார ஊழியர் சிலவற்றைத்தான் பார்க்கிறார்: உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. பரிசோதனைக் கூடம் வேண்டாம், டாக்டர்கூட வேண்டாம். ஒரு தாளில் குறித்தால் போதும். நிலைமை மோசம் என்றால் படுக்கை ஏற்பாடாகி நோயாளி மருத்துவமனைக்குப் போகிறார். தாளில் வேலை ஓடத் தொடங்கிய பிறகே, சில மாதங்களில், அதற்கான இணையச் செயலி வந்தது. யார் மதிப்பிடப்பட்டார், யார் இன்னும் சேர்க்கப்படவில்லை என்பதை மாவட்டம் பின்தொடர்வதற்காக. எதைக் கேட்பது என்பதை முதலில் ஊழியரின் கையோடு பொருத்திவிட்டு, பிறகு கணினியைக் கூப்பிட்டார்கள். தான் குறித்த எண்ணால் தன் நோயாளிக்குக் கட்டில் கிடைக்கிறது என்பதை அந்த ஊழியர் பார்க்கிறார். நம் துறையில் அபூர்வமாக நிகழும் சரியான வரிசை இது.

மிகக் கனமான மறுப்புக்கு இப்போது வருகிறேன். சுகாதாரத் தகவல் பொதுச் சொத்து. கொள்ளைநோயை முன்கூட்டி அறிய, தாய்மார் இறப்பைக் குறைக்க, தடுப்பூசித் தட்டுப்பாடு வராமல் பார்க்க எண்கள் வேண்டும். ஒவ்வொரு பதிவும் பதிகிறவருக்கே லாபம் தர வேண்டும் என்றால் இவை எதுவும் நடக்காது என்பார்கள். உண்மைதான், எல்லாப் பதிவும் உடனடிப் பலன் தராது. பொதுச் சொத்து என்று ஒப்புக்கொண்டால், அதற்கான கூலியையும் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். ஒரு செவிலியர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், அந்த ஒன்றரை மணி நேரம் திட்ட மதிப்பீட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும். அதற்குத் தரவுப் பதிவாளரை நியமியுங்கள், அல்லது செவிலியரின் வேறு ஒன்றரை மணி நேர வேலையை எடுத்துவிடுங்கள். சர்வருக்கும் உரிமத்துக்கும் டெண்டரில் பைசா சுத்தமாகக் கணக்கிருக்கும், விரலுக்கு மட்டும் இருக்காது. அந்த மௌனத்தால் தகவலும் கெடும். மாதக் கடைசியில் நோட்டிலிருந்து மொத்தமாகத் தட்டி ஏற்றப்படும் எண், பார்ப்பதற்கு உயிருள்ள தகவல் போலத் தெரியும். அதை நம்பி எடுக்கும் முடிவு அந்த அளவுக்குத்தான் தேறும்.

உகாண்டா அரசு 2012-ல் துணிந்து ஒன்று செய்தது: மின்னணு, கைபேசிச் சுகாதாரத் திட்டங்கள் அத்தனையையும் நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டது. உதவி நிறுவனங்கள் ஆளுக்கொரு முன்னோட்டம் நடத்திக்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று பேசாத செயலிகளுக்கு நடுவே ஊழியர்கள் திண்டாடினார்கள். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் ஓரிடத்தில் இருப்பதும் ஒரு துணைதான், தடைகளின் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை. நம் இயக்குநரகங்களில் புதிய செயலியைத் தொடங்கிவைக்கும் விழா உண்டு. பழைய பதிவேட்டை இன்ன தேதியோடு கைவிடுக, ஆய்வின்போது அதைக் கேட்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதும் வழக்கம் வர வேண்டும். இரட்டைப் பதிவு சில வாரம் தவிர்க்க முடியாதது; சர்வர் படுத்தால் கைகொடுக்கத் தாள் வேண்டும் என்பதும் சரி. தேதி இல்லாத இரட்டைப் பதிவுதான் ஊழியரை முறிக்கிறது.

இதெல்லாம் பழைய கவலை, இனி டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுச் செயற்கை நுண்ணறிவே குறிப்பெழுதிவிடும் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் அது வேகமாகப் பரவுகிறது, தட்டச்சுச் சுமையைக் குறைக்கும் சாத்தியம் மெய்யானது. தமிழில், அதுவும் நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் ஆங்கில மருந்துப் பெயரும் கலந்த ஓ.பி. அறைச் சத்தத்தில், அது எப்படிக் கேட்கும் என்பது தனிச் சிக்கல். அதைத் தீர்த்தாலும் இடமாற்றம் நிற்காது: எழுதும் வேலை போய், எழுதியதைச் சரிபார்க்கும் வேலை வரும். சொல்லாத அறிகுறியைச் சொன்னதாக அது எழுதிவிட்டால் கையெழுத்திட்ட டாக்டர்தான் பொறுப்பு. மிச்சமாகும் நிமிடம் யாருக்குப் போகும் என்ற கேள்வியும் இருக்கிறது. 67 நாடுகளின் தகவலைத் தொகுத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வில், முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைத்த நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். கருவி ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தினால், அதை நோயாளியிடமே விட்டுவைக்கலாம்; அல்லது டாக்டரின் பட்டியலில் இன்னும் முப்பது டோக்கனைச் சேர்க்கலாம். முதல் முடிவை எடுக்கும் மருத்துவமனையில் டாக்டர்கள் அந்தக் கருவியின் குறைகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்ய உதவுவார்கள். இரண்டாவதில், மைக் வேலை செய்யவில்லை சார் என்ற புகார் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பழுதுபார்க்க வருகிறவருக்கு மைக்கில் கோளாறு எதுவும் அகப்படாது.